பதினொன்றாம் வாரம், மூன்றாம் நாள்

உடம்பு பொய் சொல்லாது என்பது படித்தவர், படிக்காதவர், யோகா வகுப்புக்குப் பணம் கட்டியவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் நம்புகிற ஒரு கருத்து. இது தவறு. இவ்வளவு தவறான ஒரு கருத்து இவ்வளவு காலம் யாராலும் திருத்தப்படாமல் நடமாடிக்கொண்டிருப்பது மனித குலத்துக்கே தலைகுனிவு. நூற்றுநான்கு டிகிரி காய்ச்சலில் கொதிக்கிறவன் குளிருகிறது என்று கம்பளி கேட்கிறான். வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தவனின் கால், தான் அவனுடைய காலே இல்லை என்று சாதிக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ரயிலில் இருப்பவனிடம், பக்கத்து ரயில் கிளம்பிய மறுகணம் வயிறு பதறிப்போய், நகர்வது நாம்தான் என்று அடித்துச் சொல்கிறது. இத்தனை முறை கையும் களவுமாகப் பிடிபட்ட சாட்சியை எந்த வக்கீலும் மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார். பளு தூக்குகிறவர்கள் ஏற்றுவார்கள். அவர்களுக்கு உடம்பு சொன்னால் போதும், வேறு அத்தாட்சி தேவையில்லை. வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தகரக் கூரைப் பளுதூக்கும் கூடத்தின் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து தாமோதரன் இந்த வழக்கை மறுபடியும் நடத்திக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அவன் அப்போதுதான் அழுத்தியிருந்தான். நான்கு நிமிடம் ஓய்வு. அதன்பின் நூற்று இரண்டரை கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தலைக்கு மேலும் ஒரே ஒரு முறை ஏற்ற வேண்டும். பெஞ்சில் அவன் பக்கத்தில் விரித்துக் கிடந்த வரைபடத்தாள் நோட்டில் பதினொன்றாம் வாரம், மூன்றாம் நாள் என்ற கட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவன் அவனே. வாட்சை அழுத்திய கட்டைவிரல் மடிவதற்குள் இடது தாடையில் ஏதோ ஒன்று ஆரம்பித்தது.

வலி என்று அதைச் சொல்லிவிட முடியாது. கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாகப் புத்தகங்களுக்குப் பகுப்பு எண் போடுகிறவன், ஒரு பொருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க மாட்டான். குத்தவில்லை. எரியவில்லை. யாரோ தாடை எலும்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பதுபோல் இருந்தது. அந்தப் பிடி காதுக்குக் கீழே வரை போய் நின்றது. நாற்பது விநாடி. அதோ இருபது கிலோக் கம்பி, மேடையின் நடுவில், ஒவ்வொரு பக்கமும் இருபத்தைந்து, பத்து, இரண்டரை, ஒன்றேகால், கடைசியில் இரண்டரைக் கிலோ பூட்டு. அவனுடைய இப்போதைய உச்ச எடை நூற்றெட்டு. அதில் தொண்ணூற்றைந்து சதவீதம் நூற்று இரண்டு புள்ளி ஆறு. அந்தப் புள்ளி ஒன்றை மட்டும் தாமோதரன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்திருந்தான். மற்றபடி பத்து வாரம் மூன்று நாளில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. மாமியார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்றுகூட விடியற்காலை நான்கரைக்கு வந்து முடித்துவிட்டுத்தான் போனான், ஹோமப் புகையில் நிற்கும்போது தொடை நடுங்கியதை எல்லோரும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்வு. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர், எண்பத்தொன்பது கிலோ பிரிவு. இரண்டே பெயர்கள். ஒருவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஒன்று தாமோதரன். மற்றொன்று எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும் முனிரத்தினம்.

முனிரத்தினத்துக்கு நோட்டு கிடையாது. ஸ்டாப்வாட்சும் கிடையாது, வாரமும் கிடையாது, அவன் டயர் ரீட்ரெடிங் கடையில் ஞாயிறு லீவா இல்லையா என்பதே அன்றன்றைக்குத்தான் தெரியும். வருவான். கம்பியைக் காலால் ஒரு உருட்டு உருட்டுவான். அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை பார்த்துக்கொண்டிருப்பான், கோழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு, "இன்னிக்கு இது வாணாம்ங்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வான், அல்லது "இன்னிக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு நூற்றுப் பத்தைத் தூக்குவான். கேக்குது. எது கேட்கிறது, இரும்பா? ஒருநாள் தாமோதரன் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டான்: "எவ்வளவு நேரம் ஓய்வு எடுக்கிறே?" முனிரத்தினம் யோசித்து, "போதும்னு தோணுற வரைக்கும்" என்றான். "யாருக்குத் தோணுற வரைக்கும்?" "தோள்பட்டைக்கு." தோள்பட்டைக்குத் தோன்றுமாம். இனி முழங்காலுக்கு அபிப்பிராயம் இருக்கும், குதிகால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும். இந்த மாதிரி ஆட்களைத்தான் இப்போது ஊரில் கொண்டாடுகிறார்கள். கடைத்தெரு மாடிகளில் ஏசி போட்ட ஜிம்களில் செல்போனைப் பார்த்து, அது எட்டு என்றால் எட்டு, பத்து என்றால் பத்து என்று ஆடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் வேறு வகை அற்பங்கள், தங்கள் அட்டவணையைத் தாங்களே போடத் தெரியாதவர்கள், ஓய்வு நேரத்தில் கண்ணாடி முன் சட்டையைத் தூக்கி வயிறு வந்துவிட்டதா என்று பார்க்கிறவர்கள். அவர்களையும் முனிரத்தினத்தையும் ஒரே அலமாரியில் வைக்கலாம், ஒருவனுக்குப் போன் சொல்கிறது, ஒருவனுக்குத் தோள்பட்டை சொல்கிறது. சொந்தமாக யோசித்தவன் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒருவன்தான். அவனுக்கு இப்போது தாடை வலிக்கிறது. இல்லை, வலிக்கவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் இருபது.

அப்பாவுக்கும் நோட்டு கிடையாது. பசித்தால் சாப்பிட வேண்டும், தூக்கம் வந்தால் தூங்க வேண்டும், இதில் மணி எதற்கு என்பார். காலை பதினொன்றுக்கு நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு மதியம் ஒன்றுமில்லாமல் இருப்பார், மறுநாள் மூன்று வேளையும் பழையது. ஊரில் எல்லோரும் அதைச் சந்நியாசி குணம் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் காட்பாடி ரயில் நிலையத்தின் முதல் பிளாட்பாரத்தில், கையில் ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழத்தோடு, உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், பேர்கூடத் தெரியாத யாரோ, வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார்: "தாடையப் புடிச்சிக்கினே இருந்தாருங்க. பல்லுவலின்னு நெனச்சிட்டேன்." அந்த ஆளைத் தாமோதரன் இன்றுவரை மன்னிக்கவில்லை. பல்லுவலி என்று நினைத்தாராம். எந்தப் பக்கத் தாடை என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் அதெல்லாம் கேட்கத் தோன்றாது, கேட்டிருந்தால் இப்போது உபயோகப்பட்டிருக்கும். பழத்தை என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. தாமோதரனுக்கு மார்ச்சில் நாற்பத்தேழு. இந்தக் கணக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி சரோஜினியிடம்கூட, நோட்டிலும் எழுதியதில்லை. ஆனால் அந்த நோட்டு முழுவதுமே அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியும். கட்டம் கட்டமாக, சதவீதம் சதவீதமாக, அப்பா செய்யாத ஒவ்வொன்றையும் செய்துகொண்டே போனால் அந்த பிளாட்பாரத்தைக் கடந்துவிடலாம், எக்ஸ்பிரஸ் வண்டி நிற்காமல் போவதுபோல. ஆகவே இது அதுவாக இருக்க முடியாது. பத்து வாரம் மூன்று நாள் ஒன்றுகூட விடுபடாமல் செய்தவனுக்கு அது வர நியாயமில்லை. நியாயம் என்று இங்கே சொல்லலாமா? சொல்லலாம். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து. நெற்றியில் வேர்வை. வேர்வைக்குப் பங்குனி வெயிலைக் காரணம் சொல்லலாம், ஆனால் இது தை மாதம், காலை ஆறு நாற்பத்திரண்டு, வாசலில் நாய் சுருண்டு படுத்திருக்கிறது.

சரி, முனிரத்தினத்தின் ஆசைப்படி உடம்பையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்ததும், கேட்காமலேயே பழைய சங்கதி வந்து நின்றது. எப்போதும் இதுதான் வரும். இருபத்திரண்டு வயது, சிதம்பரம், பல்கலைக்கழகப் போட்டி, மூன்றாவது முயற்சி. பயிற்சியாளர் சீட்டில் நூற்று இருபத்திரண்டரை என்று எழுதியிருந்தார், அதுதான் திட்டம், அதற்காக எட்டு மாதம் உழைத்திருந்தார்கள். எடை குறிப்பவர் கேட்டபோது, "நூத்தி முப்பது" என்று ஒரு குரல் சொன்னது. அது தன்னுடைய குரல் என்று தாமோதரனுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. ஏன் சொன்னான்? இன்றுவரை தெரியாது. போனான், குனிந்தான், தூக்கினான். தலைக்கு மேலே அது கனமே இல்லாமல், துவைத்த வேட்டியைக் கொடியில் போட்ட மாதிரி நின்றது. மூன்று நடுவர்களும் செல்லும் என்று வெள்ளை விளக்குப் போட்டார்கள். இருபத்து நான்கு வருடம். எத்தனை நோட்டு, எத்தனை கட்டம், ஒரு தடவைகூட அந்த நூற்று முப்பதின் பக்கத்தில் போக முடியவில்லை. அதற்கு விளக்கங்கள் இல்லாமல் இல்லை. வயது. கூட்டத்தின் சத்தம். மேடைப் பலகை முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கம்பியே எடை குறைவாக இருந்திருக்கலாம்; அதைச் சரிபார்த்தீர்களா என்று எட்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம்கூடப் போட்டான், பதில் வரவில்லை. தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த காரியம் ஒரு ஒழுங்கீனம் என்பதை ஒரு மனிதன் எத்தனை வருடம் மறுத்துக்கொண்டிருக்க முடியும்? இருபத்து நான்கு வருடம் முடியும், அதற்கு மேலும் முடியும், உயிரோடு இருந்தால். அன்றைக்குத் தாடையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு உடம்பில் எங்கேயும் ஒன்றும் இல்லை, உடம்பே இல்லை. இரண்டு நிமிடம் நாற்பது. பிடி இப்போது இரண்டு விரலால் இல்லை, மூன்று விரலால்.

சொல்லிவிடலாம். எதிரே பத்தடி தூரத்தில் ஒரு ஆள் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், முப்பது வருடப் பழக்கம், ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. ஆனால் இன்று வியாழக்கிழமை. போட்டிக்கு முந்தின வாரத்தில் இந்தக் கூடத்துக்குள் யார் எந்த வலியைச் சொன்னாலும் நம்பக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். எழுதாத சட்டங்களைத் தாமோதரன் பொதுவாக வெறுப்பவன்தான், என்றாலும் இது அனுபவத்தில் நிரூபிக்கப்பட்டது. ஏகாம்பரம் என்று ஒருவன் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நான்கு நாள் வந்து பெஞ்சில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான், எதிராளிகள் எல்லோரும் இரக்கப்பட்டு முதல் முயற்சி எடையைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால் கட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்து மூன்று முயற்சியையும் தூக்கினான். போன வருடம் முனிரத்தினம் புதன்கிழமை முதல் சனிக்கிழமை மாலை வரை நொண்டினான். வலது கால். சனிக்கிழமை ஒரு கவனக்குறைவில் சிறிது நேரம் இடது காலை நொண்டினான், அதைப் பார்த்தும் தாமோதரன் நம்பினான். பாதுகாப்பாக ஐந்து கிலோ குறைத்துத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதன் மேடைக்கு ஓடி வந்தான். ஓடி! ஆக இப்போது போய், தாடை வலிக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? சிரிப்பான். கூடம் முழுவதும் சிரிக்கும். நோட்டு வைத்திருக்கிறவன் கடைசியில் நாடகத்துக்கு வந்துவிட்டான் என்று வருடக் கணக்கில் பேசுவார்கள். சொல்லாவிட்டால், ஒருவேளை, இன்னும் ஒரு நிமிடத்தில் நூற்று இரண்டரை கிலோவுக்குக் கீழே, கையில் வாழைப்பழம்கூட இல்லாமல். பிழைத்தால் சிரிப்பார்கள், செத்தால் அழுவார்கள், இரண்டில் எது அதிக அவமானம் என்று அவன் உண்மையாகவே ஒருகணம் எடை போட்டுப் பார்த்தான். எடை போட்டதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று நிமிடம் இருபத்தைந்து. எழுந்தான். கம்பி வழுக்காமலிருக்கக் கையில் சாக்பீஸ் பொடி தேய்த்தான். வழக்கமாக வலது கைக்கு நான்கு தேய்ப்பு, இடது கைக்கு நான்கு. இடது கையில் எத்தனை தேய்த்தான் என்பது மறந்துபோனது.

கம்பிக்கு முன்னால் நின்றான். குனிந்து பிடித்தான். இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியது, முழங்கை வரை வந்தது, அல்லது வந்ததாக இந்தப் பொய்ச்சாட்சி சொன்னது. மூன்று ஐம்பத்தெட்டு. நான்கு. இப்போது. இப்போதுதான். மூச்சை இழுத்து நெஞ்சில் அடைத்தான், அடைத்த மூச்சு தாடையில் போய் முட்டியது. நான்கு நிமிடம் மூன்று விநாடி. இந்தப் பத்து வாரத்தில் அவன் நான்கு நிமிடம் மூன்று விநாடியைப் பார்த்ததே இல்லை. அது எப்படியிருக்கும் என்றுகூட யோசித்ததில்லை. மற்ற விநாடிகளைப் போலத்தான் இருந்தது. பிறகு நான்கு, ஐந்து, ஆறு. யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம் என்பதுபோல் திறந்து கிடந்தன.

"இன்னா வாத்தியாரே," என்று எதிர்ச் சுவரிலிருந்து குரல் வந்தது. "ஏழு செகண்டு லேட்டு. நோட்டுல அபராதம் போட்டுக்கோ."

தாமோதரன் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"முனி, தாடை வலிக்குதுடா."

முனிரத்தினம் டீ கிளாசை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஆசை தீரச் சிரித்தான். "வியாழக்கெழமதான் ஆரம்பிக்கிறியா? நான் போன வருசம் புதங்கெழமையே நொண்ட ஆரம்பிச்சேன். ஒரு நாள் லேட்டுப்பா நீ. சிலபஸ்ஸ சரியா படிக்கலியா?"

"விளையாட்டு இல்ல. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் வந்தது."

"செத்துப்போன மனுசன வேற இழுக்கிறியா? பரவால்ல, நல்லாவே கத்துக்கினு வந்துகீறே." பிறகு அவனும் நெஞ்சில் கையை வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டான். "அப்போ என்னுதையும் கேட்டுக்கோ. எனக்கு நாலு நாளா மாடிப்படி ஏறுனா இங்க அழுத்துது. முதுகு வரைக்கும் போவுது. நின்னா போயிடுது. போதுமா? ஞாயித்துக்கெழம நீ எம்பதுல ஆரம்பி, நான் எழுவதுல ஆரம்பிக்கிறேன். ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துக்கினே தூக்கலாம்."

மலிவான நடிப்பு, என்று தாமோதரன் நினைத்தான். நொண்டலே எவ்வளவோ தேவலை, அதில் உழைப்பாவது இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொள்வதெல்லாம் தெருக்கூத்தில் ராஜா சாகும்போது செய்வது. அந்த அலட்சியம் அவனுக்கு ஒருகணம் பெரிய ஆறுதலாக இருந்தது, தன் தாடையைக்கூட மறந்தான், முனிரத்தினத்தை மட்டமாக நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் ஆயுள் கெட்டி என்று தோன்றும். ஆனால் அதற்குள் முனிரத்தினம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியை உருட்டிவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை.

"வேத்துக்கினு கீதேடா," என்றான். "இது நடிப்பு இல்ல. உனக்கு நடிக்க வராது. சட்டையப் போடு."

"இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கு."

"உன் நோட்டக் கொளுத்த. சட்டையப் போடுன்றேன்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது தாமோதரன் இரண்டு விஷயங்களை மாறி மாறி நினைத்தான். ஒன்று, இதய நோயாகவே இருந்தால் அட்டவணை பொய். இரண்டு, இதய நோய் இல்லையென்றால் அட்டவணை மெய், ஆனால் ஏழு விநாடியில் அதைக் கைவிட்டவன் கோழை. மூன்றாவதாக ஒன்று இருக்குமா என்று தேடினான். காற்றில் முனிரத்தினத்தின் சட்டை படபடத்து முகத்தில் அடித்தது, ரப்பர் வாடை. பஸ் நிலையத்துக்கு எதிரே முதல் மாடியில் இருந்த ஸ்கேன் சென்டரை அப்போதுதான் திறந்திருந்தார்கள். படியில் முனிரத்தினம் அவன் அக்குளில் கை கொடுத்து ஏற்றினான். நடுவில் ஒரு தடவை நின்றார்கள், தாமோதரனுக்காக என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையும் உறிஞ்சு குமிழ்களும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அவன் மேலே மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினான். மூன்று. மறுபடி எண்ணினான். காகிதம் கிர்ரென்று வந்தது. இ.சி.ஜி. எடுத்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும், அதை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, "நல்லா இருக்குங்க சார். பல்லக் கடிக்கிற பழக்கம் உண்டுங்களா? எடை தூக்குறவங்களுக்கு வரும்னு டாக்டர் சொல்றாரு" என்றாள்.

முனிரத்தினம் கையைத் தட்டினான். "பல்லு! பதினோரு வாரமா பல்லக் கடிச்சிக்கினு எழுதினா பின்ன இன்னா ஆவும்? எந்திரி, எந்திரி." அவன் ஏற்கெனவே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எனக்கும் ஒண்ணு எடும்மா. இல்லன்னா இந்த ஆளு சாவுற வரைக்கும் என் கோடு நேரா இருந்துச்சின்னு சொல்லிக்கினே இருப்பான். யாருது அழகா கீதுன்னு பாத்துரலாம்."

தாமோதரன் கட்டிலிலிருந்து இறங்கி, பனியனைத் தேடினான். அவமானம் இப்போதுதான் நிதானமாக வந்து சேர்ந்தது. கடைவாய்ப் பல்லுக்காக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவன். பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் பல்லுவலி என்று சரியாகத்தான் நினைத்திருக்கிறார், மனிதனை மாற்றி நினைத்துவிட்டார், அவ்வளவுதான். இனி ஞாயிற்றுக்கிழமை வரை கூடத்தில் தலைகாட்ட முடியாது. ஆனால் காட்ட வேண்டும், நாளை நான்காம் நாள். நூற்று இரண்டரையை மாலை வந்து முடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா, அல்லது காலை என்று எழுதியிருப்பதால் அது வேறு காரியமா? இதைப் பற்றி விதிகள் எதுவும் அவன் வகுத்திருக்கவில்லை. மெஷின் கிர்ரென்று சத்தமிட்டு நின்றது. காகிதத்தைக் கிழிக்கப் போன பெண் கிழிக்கவில்லை. மறுபடி ஓடவிட்டாள். "டெஸ்ட்டு மேட்ச்சாம்மா, ரெண்டாவது இன்னிங்ஸு போவுது?" என்றான் கட்டிலில் படுத்திருந்த முனிரத்தினம். அவள் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது டாக்டரும் கூட வந்தார், ஒரு கால் செருப்பு சரியாக மாட்டாமல்.

"கூட வந்தவங்க யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தாங்க," என்று முனிரத்தினம் தலையைத் தூக்கினான். "அவரக் கூட்டிக்கினு வந்தது நான்தான்."

"நீங்க அசையாதீங்க. உங்களோட வந்தவங்க யாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எண்பத்தொன்பது கிலோ பிரிவுக்கு எடை பார்க்கும் மேசையில் இரண்டு பெயர்களையும் மும்மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, அடுத்த பிரிவுக்குப் போனார்கள்.